பச்சைக் கோடும் பனிமூட்டமும்: மலையகத்தில் லேசர் பொயின்டர்

இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை போன்ற டவுன்களில் ஃபோன் கவரும் சார்ஜரும் விற்கிற கடைகளில் லேசர் லைட்டும் தொங்கும். திருவிழா வந்தால் கோயில் வாசல் கடைகளிலும் பார்க்கலாம். வாங்குகிறவர் எதையும் ‘லேசர்’ என்றுதான் கேட்பார். கடைக்காரர் எடுத்து வைப்பதிலோ மூன்று வகை இருக்கும். முதலாவது, திறப்புக் கோர்வையில் மாட்டும் சிறிய சிவப்பு லேசர். மூன்று எல்.ஆர். 44 பொத்தான் பெட்டரியில் எரியும். இரண்டாவது பேனா அளவிலான பச்சை. அதற்கு இரண்டு ட்ரிபிள் ஏ பெட்டரி. மூன்றாவது தடித்த உலோகக் குழாய். உள்ளே 18650 என்ற லித்தியம் பெட்டரி, அடியில் சின்னத் திறப்பு, மேலே பெரும்பாலும் 303 என்ற எண். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் வலுவில் நூறு மடங்கு வித்தியாசம் இருக்கலாம்.

இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்து மதிப்பிட முடியாது. மலையகத்தில் அது இன்னும் கஷ்டம். இங்குள்ள பனிமூட்டம் ஒன்றுமில்லாத லேசரைப் பெரிதாகக் காட்டும். இங்குள்ள குளிர் மோசமான லேசரை மங்கலாகக் காட்டும்.

முதலில் லேசரின் பாதுகாப்பு வகுப்புகளைப் பார்த்துவிடுவோம். ஐ.ஈ.சி. 60825-1 என்ற சர்வதேச நியமப்படி, கண்ணுக்குத் தெரியும் ஒளி 1 மில்லிவாட்டுக்குள் (வாட்டின் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருந்தால் வகுப்பு 2. தற்செயலாகக் கண்ணில் பட்டால் கால் செக்கனுக்குள் இமை மூடிவிடும், அதற்குள் சேதம் வராது என்பதுதான் இந்த வகுப்பின் கணக்கு. யார் கண் சிமிட்டாமல் பார்ப்பது என்று பிள்ளைகள் பந்தயம் கட்டினால் அந்தக் கணக்கு செல்லாது. 5 மில்லிவாட் வரை 3ஆர், 500 மில்லிவாட் வரை 3பி, அதற்கு மேல் வகுப்பு 4. கையில் பிடித்துச் சுட்டிக்காட்டும் எந்த வேலைக்கும் 5 மில்லிவாட்டுக்கு மேல் தேவையில்லை. வகுப்பறைக்கு 1 மில்லிவாட்டே தாராளம்.

சிக்கல் என்னவென்றால் ஸ்டிக்கரை நம்ப முடியாது. அமெரிக்காவின் தேசிய நியம, தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட் 122 பொயின்டர்களை அளந்து 2013இல் முடிவை வெளியிட்டது. பச்சையில் ஏறத்தாழ 90 வீதமும், சிவப்பில் 44 வீதமும் அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளுக்குப் பொருந்தவில்லை. கடைக்காரர் தீக்குச்சியைப் பற்றவைத்தோ கறுப்பு பலூனை வெடிக்கவைத்தோ காட்டினால் ஸ்டிக்கரைப் படிக்கவே வேண்டாம். 5 மில்லிவாட்டால் இரண்டும் முடியாது. ஒளி கையில் பட்டுச் சூடு தெரிந்தாலும் அப்படித்தான். அதை வாங்காமல் வருவது நல்லது.

கண்ணில் ஏன் இவ்வளவு சின்ன வலுவும் ஆபத்தாகிறது? ஒரு சாதாரண எல்ஈடி பல்பு இதைப்போல ஆயிரம் மடங்கு மின்சாரத்தைக் குடிக்கிறது, நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். பல்பின் ஒளி எல்லாப் பக்கமும் சிதறிப் போகிறது. லேசரின் ஒளி இணையாக வருவதால் கண்ணின் வில்லை அதை விழித்திரையில் மயிரிழையிலும் மெல்லிய ஒரு புள்ளியாகக் குவித்துவிடும். கண்மணியில் விழும் ஒளி விழித்திரைக்குப் போகும்போது சுமார் ஒரு லட்சம் மடங்கு செறிவாகிறது. நேராகப் பார்க்கும்போது அந்தப் புள்ளி விழுவது எழுத்து வாசிக்கவும் முகம் அடையாளம் காணவும் உதவும் மையப் பகுதியில்.

நிறமும் ஏமாற்றும். மனிதக் கண் 555 நனோமீற்றர் அலைநீளமுள்ள ஒளிக்குத்தான் அதிகம் கூர்மையாக இருக்கிறது. அதனால் 532 நனோமீற்றர் பச்சை, அதே வலுவுள்ள 650 நனோமீற்றர் சிவப்பைவிட எட்டு மடங்கு பிரகாசமாகத் தெரியும். மறுபக்கம், 405 நனோமீற்றர் ஊதா லேசர் சுவரில் மங்கலாக விழும். கண் அந்த நிறத்தைச் சரியாகப் பார்ப்பதில்லை என்பதுதான் காரணம். வலுக் குறைவு என்று நினைத்துப் பிள்ளையிடம் கொடுப்பார்கள். இமை மூடும் அளவுக்கு அது கூசுவதுமில்லை.

மூட்டத்துக்குள் தெரியும் கோடு

தெளிவான இரவில் சிவப்பு லேசரின் பாதை கண்ணுக்குத் தெரியாது, போய் விழும் பொட்டு மட்டும்தான் தெரியும். பச்சையின் பாதை மெல்லிய கோடாகத் தெரியும். காற்றின் மூலக்கூறுகள் குறுகிய அலைநீளத்தை அதிகம் சிதறடிக்கின்றன. அந்தக் கணக்கில் பச்சை சிவப்பைவிட இரண்டேகால் மடங்கு சிதறும். கண்ணின் எட்டு மடங்கையும் சேர்த்தால் கோடு பதினெட்டு மடங்கு தெளிவு. வானத்தைக் காட்டிப் பாடம் சொல்கிறவர்கள் பச்சையைத் தேடுவதற்குக் காரணம் இதுவே.

நானுஓயாவிலோ ஒஹியவிலோ மூட்டம் இறங்கியபின் இந்த வித்தியாசமெல்லாம் இல்லை. மூட்டத்தின் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. எந்த நிறத்தையும் ஒரே மாதிரிச் சிதறடிக்கும். 1 மில்லிவாட் சிவப்புகூட வாள் மாதிரித் தெரியும். பார்க்கிறவர் ‘சரியான பவர்’ என்பார். உண்மையில் அந்த ஒளி சில பத்து மீற்றருக்குள் சிதறித் தீர்ந்துவிடுகிறது. ஆகவே மூட்டத்தில் கோடு எவ்வளவு தடிப்பாகத் தெரிகிறது என்பதை வைத்து லேசரை மதிப்பிட முடியாது. அடுத்த நாள் வானம் வெளித்தபின் அதே லேசர் பள்ளத்தாக்கைத் தாண்டி எதிர்மலையில் போய் விழும்.

குளிரில் மங்கும் பச்சை

அதிகம் கவனிக்க வேண்டியது இதுதான். மலிவான பச்சை லேசர்களில் பெரும்பாலானவற்றுக்குள் பச்சை ஒளி நேரடியாகப் பிறப்பதில்லை. ஒரு சின்ன டயோட் 808 நனோமீற்றரில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைத் தரும். அது ஒரு பளிங்கைத் தூண்டி 1064 நனோமீற்றராக மாறும், அதுவும் தெரியாது. இரண்டாவது பளிங்கு அதைச் சரிபாதியாக்கி 532 நனோமீற்றர் பச்சையாக வெளிவிடும். மாறாமல் மிஞ்சும் அகச்சிவப்பைத் தடுக்க முன்னால் ஒரு சின்ன வடிகட்டிக் கண்ணாடி வேண்டும். விலையைக் குறைக்க நினைக்கிறவர் முதலில் கைவிடுவது அந்தக் கண்ணாடியைத்தான். பச்சைப் பொட்டின் தோற்றத்தில் எந்த வித்தியாசமும் தெரியாது.

நிஸ்ட் ஆய்வாளர்கள் 2010இல் மலிவான பச்சை லேசர்கள் சிலவற்றைப் பிரித்துப் பார்த்தார்கள். அவற்றில் ஒன்று பச்சையை மங்கலாகத்தான் காட்டியது. அதே நேரத்தில் ஏறத்தாழ 20 மில்லிவாட் அகச்சிவப்பு வெளியே வந்துகொண்டிருந்தது. அகச்சிவப்புக்கு இமை மூடாது, கண்மணியும் சுருங்காது.

இதை நுவரெலியாவுக்குக் கொண்டுவாருங்கள். வானம் பார்க்க நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. அப்போதுதான் குளிரும் அதிகம். சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படியும். டயோட்டின் அலைநீளம் ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் சுமார் 0.3 நனோமீற்றர் நகரும். 25 பாகையில் சரியாகப் பொருந்திய டயோட் 5 பாகையில் 6 நனோமீற்றர் விலகிவிடும். பளிங்கு அந்த ஒளியைச் சரியாக உறிஞ்சாது, பச்சை மங்கும், துடிக்கும், சில நேரம் அணைந்தே போகும். ‘பெட்டரி போச்சு’ என்று நினைத்து முகப்பைத் திருப்பி உள்ளே பார்ப்பார்கள். வடிகட்டி இல்லாத லேசரில் அந்த நேரத்தில்தான் உறிஞ்சப்படாத அகச்சிவப்பு அதிகமாக வெளியே வரும். எரியாத பச்சை லேசரின் வாயைப் பார்க்கக்கூடாது. முதலில் பெட்டரியைக் கழற்றுங்கள்.

வடிகட்டி இருக்கிறதா என்று பேனா அளவுப் பச்சை லேசரில் வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம். தடித்த 18650 வகையில் இதைச் செய்யக்கூடாது. அதன் தெறிப்பே கண்ணைக் கெடுக்கும். தேவையானவை பழைய சீடி ஒன்று, ஏ4 அளவு வெள்ளை அட்டை, அளவுகோல், ஃபோன். டீவீடீ சரிவராது. அதன் தடங்கள் 0.74 மைக்ரோமீற்றர் இடைவெளியில் இருப்பதால் 808 நனோமீற்றர் அதிலிருந்து தனியாகப் பிரிந்து வராது. சீடியின் இடைவெளி 1.6 மைக்ரோமீற்றர்.

அட்டையை அகலவாக்கில் நிறுத்தி நடுவில் பென்சில் போகுமளவு துளையிடுங்கள். சீடியின் மினுங்கும் பக்கம் அட்டையைப் பார்க்க, 20 சென்றிமீற்றர் தள்ளி நிறுத்துங்கள். லேசரை அட்டைக்குப் பின்னால் வைத்து, துணிக் கிளிப்பால் பொத்தானை அழுத்தி, ஒளி துளை வழியாகச் சீடியின் நடுத்துளைக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோ அதே உயரத்தில் படும்படி செய்யுங்கள். முகத்தை அட்டைக்கும் சீடிக்கும் நடுவே கொண்டுபோக வேண்டாம். ஒளி தெறித்துத் துளைக்கருகே ஒரு பொட்டாகத் திரும்பும். அதிலிருந்து இரு பக்கமும் 7 சென்றிமீற்றரில் பச்சைப் பொட்டுகள் விழும். 808 நனோமீற்றர் கசிந்தால் அது 11.7 சென்றிமீற்றரில் விழும். வெறும் கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியாது.

அறையை இருட்டாக்கி அந்த இடத்தை ஃபோன் கெமராவால் பாருங்கள். முதலில் டீவி ரிமோட்டின் முனையைக் கெமராவுக்குக் காட்டி அழுத்திப் பார்க்க வேண்டும். வெளிர் ஊதா மினுக்கம் தெரிந்தால்தான் அந்தக் கெமரா உதவும். பின் கெமராக்கள் பலவற்றில் அகச்சிவப்பு தடுக்கப்பட்டிருக்கும், முன் கெமராவை முயன்று பாருங்கள். 11.7 சென்றிமீற்றரில் மங்கலான பெரிய பொட்டு தெரிந்தால் வடிகட்டி இல்லை. தெரியாவிட்டால் 808 பெரிதாகக் கசியவில்லை என்று மட்டும்தான் சொல்லலாம். 1064 நனோமீற்றர் பெரும்பாலான ஃபோன்களுக்குத் தெரியாது. அது விழும் இடமும் பச்சையின் இரண்டாம் பொட்டு விழும் இடமும் ஒன்றேதான். லேசரைக் கால் மணித்தியாலம் வெளிக் குளிரில் வைத்துவிட்டு இன்னொரு முறை சோதித்தால் விடை இன்னும் தெளிவாகும்.

இந்தக் கரைச்சல் வேண்டாமென்றால் 520 நனோமீற்றர் என்று குறிக்கப்பட்ட பச்சை லேசரை வாங்கலாம். அதில் டயோட்டே பச்சை தருகிறது. அகச்சிவப்பு இல்லை, குளிருக்கும் அவ்வளவாக மங்காது. வலு 5 மில்லிவாட்டுக்குள்தானா என்ற கேள்வி அதற்கும் உண்டு.

எதிர்மலையும் பஸ் சாரதியும்

நல்ல பொயின்டரின் ஒளி கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் வீதம் விரியும். அந்தக் கணக்கில் 5 மில்லிவாட் லேசர் நேராகப் பார்க்கும் கண்ணுக்குச் சேதம் தரக்கூடிய தூரம் சுமார் 16 மீற்றர். 100 மில்லிவாட்டுக்கு அது 70 மீற்றர், 1 வாட்டுக்கு 220 மீற்றருக்கும் மேல். வலுக்கூடிய லேசரை லயத்தின் (தோட்டத்து வரிசை வீடுகளின்) ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அடித்தால்கூட இந்த எல்லைக்குள்தான் வரும்.

சேதம் வராத தூரத்திலும் கண் கூசும். இறம்பொடைப் பாதையையோ கினிகத்தேனை வளைவுகளையோ எதிர்மலையிலிருந்து பார்த்தால் இரவில் பஸ்ஸின் விளக்குகள் கைக்கெட்டும் தூரத்தில் ஊர்வதுபோலத் தெரியும். பொடியன்களுக்குக் குறிபார்க்க ஆசை வருவது அங்கேதான். 400 மீற்றரில் அந்தப் பொட்டு 40 சென்றிமீற்றர் அகலமாகி சாரதியின் முகம் முழுவதையும் மூடும். ஈரமும் கீறலும் உள்ள முன் கண்ணாடி அதைக் கண்ணாடி முழுக்கப் பரப்பும். மணிக்கு 30 கிலோமீற்றரில் இறங்கும் பஸ் மூன்று செக்கனில் 25 மீற்றர் போய்விடும். கண்ணில் நிற்கும் பச்சைத் தழும்பு மறைய அந்த மூன்று செக்கன் போதாது. ரயில் சாரதிக்கும் இதே கதிதான்.

ஹெலிகொப்டர் விடயத்தில் இன்னும் கவனம் வேண்டும். தியத்தலாவையில் விமானப்படை முகாம் இருக்கிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மண்சரிவுகளைக் கொண்டுவந்தபோது, பாதை அறுந்த இடங்களுக்கு ஹெலிகொப்டரில்தான் உதவி வந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் ‘நாங்கள் இங்கே’ என்று காட்ட லேசரை மேலே அடிக்கத் தோன்றும். விமானி கூச்சத்தில் நிலத்தைப் பார்க்க முடியாமல் போவார். பாதுகாப்புக்காக அந்த இடத்தை விட்டு விலகவும் கூடும். இரவென்றால் சாதாரண டோர்ச்சை அசையுங்கள், பகலென்றால் கடும் நிறச் சேலை ஒன்றைத் திறந்த வெளியில் விரியுங்கள். வானத்தில் விளக்குடன் எது நகர்ந்தாலும் லேசர் அணைந்திருக்க வேண்டும்.

பயன்படும் இடங்கள்

நட்சத்திரம் காட்ட இதைவிட நல்ல கருவி இல்லை. ‘அதோ, அந்த மரத்துக்கு மேலே’ என்று கை நீட்டினால் பத்துப் பேர் பத்துத் திசையைப் பார்ப்பார்கள். பிள்ளைகளைப் பின்னால் நிறுத்தி, லேசரை ஒருவரே தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்து, இரண்டு மூன்று செக்கன் மட்டும் அழுத்தினால் போதும். துருவ நட்சத்திரத்தைக் காட்ட முயல வேண்டாம். நம் அட்சக்கோட்டில் அது அடிவானத்திலிருந்து 7 பாகைதான் எழும், பெரும்பாலும் வடக்கு மலை மறைத்துவிடும்; கோடும் எதிர்மலை வீடுகளுக்கு மேலாகத்தான் போகும். தெற்கே திரிசங்கு மே நடுவில் இரவு 9 மணியளவில் 23 பாகை உயரத்தில் நிற்கும். அது வசதியான உயரம். மேற்குச் சரிவில் மழை தொடங்கும் காலமாதலால் ஊவாப் பக்கம் வாய்ப்பு அதிகம்.

டியூஷன் வகுப்பில் சிவப்பே போதும். வழுவழுப்பான வெள்ளைப் பலகையும் பெரிய டீவியும் கண்ணாடி மாதிரித் தெறிக்கும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. ஜன்னல் கண்ணாடி விழும் ஒளியில் 8 வீதத்தைத் திருப்பும். 5 மில்லிவாட்டில் அது பொருட்டில்லை. 500 மில்லிவாட்டில் திரும்பி வருவது 40 மில்லிவாட். புதுத் தகரமும் எவர்சில்வர் பாத்திரமும் இன்னும் மோசம்.

மதில் கட்டும்போது பொயின்டரை மட்டப்பலகையில் டேப் ஒட்டி வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. மலிவான பொயின்டரில் ஒளி குழாயின் அச்சுக்கு நேராக வராது. 0.1 பாகை சரிந்தாலே 10 மீற்றரில் 17 மில்லிமீற்றர் பிழை. குழாயை அதன் அச்சிலேயே உருட்டிப் பாருங்கள், பொட்டு வட்டமடித்தால் சரிவு இருக்கிறது. வட்டத்தின் நடுவே சரியான இடம். இவ்வளவு பாடுபடுவதைவிட ஒளி ஊடுருவும் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்ப்பது நம்பகமானது.

காட்டுப்பன்றியையும் குரங்கையும் லேசரால் விரட்டலாம் என்று நம்பி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சில பறவைகள் மங்கல் வெளிச்சத்தில் அஞ்சிப் பறக்கும், குரங்கு சீக்கிரம் பழகிவிடும். தேயிலை மலைக்குள் சிறுத்தை தென்பட்டால் அதன் கண்ணில் அடிப்பது முட்டாள்தனம். அதன் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பும் படலம் இருக்கிறது, அந்தக் கண்ணும் லேசரால் பாதிக்கப்படும். பார்வை போன சிறுத்தை லயத்துக்குப் பக்கத்தில் சுற்றுவதை யாரும் விரும்பமாட்டார்கள்.

பெட்டரி, ஈரம்

ட்ரிபிள் ஏ அளவிலேயே 10440 என்ற லித்தியம் பெட்டரி விற்கிறார்கள். ஒன்று 3.7 வோல்ட். இரண்டைப் போட்டால் 3 வோல்ட்டுக்குச் செய்த லேசருக்கு 7 வோல்ட்டுக்கு மேல் போகும். சில நிமிடம் பயங்கரப் பிரகாசமாக எரிந்து டயோட் கெட்டுவிடும். கெட்டபின் திருத்த முடியாது. பொத்தான் பெட்டரியைச் சின்னப் பிள்ளை விழுங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், பொறுத்துப் பார்க்கக்கூடாது.

குளிரிலிருந்து சூடான அறைக்கு வந்ததும் வில்லையில் நீராவி படியும், பொட்டைச் சுற்றி வளையம் தெரியும். தானாக உலரவிடுங்கள். மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க, பெட்டரியைக் கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் வைக்கலாம். பெட்டரி கழற்றி வைத்த லேசர் பையில் தானாக எரியவும் எரியாது.

கண்ணில் பட்டுவிட்டால்

விழித்திரைக்கு வலி தெரியாது. ஆகவே ‘வலிக்கவில்லை’ என்று பிள்ளை சொல்வதை வைத்து ஒன்றும் தீர்மானிக்க முடியாது. கண்ணைக் கசக்குவதால் விழித்திரை எரியாது, ஆனால் வெளிப்படலம் கீறும். அந்த எரிச்சலைத்தான் பலர் லேசர் சுட்டதாக நினைக்கிறார்கள். சில நிமிடம் நிழல் தெரிந்து மறைந்தால் பெரும்பாலும் கூச்சம்தான். பார்க்கும் இடத்தின் நடுவில் கறுப்புப் பொட்டு, நேர்க்கோடு வளைந்து தெரிதல், சொல்லில் நடு எழுத்து காணாமல் போதல் ஆகியவை இருந்தால், அல்லது மங்கல் அடுத்த நாளும் தொடர்ந்தால், தாமதிக்காமல் கண் கிளினிக்குக்குப் போக வேண்டும். ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் கொப்பியின் கட்டத் தாளைப் பார்க்கச் சொன்னால் பிள்ளைகளிடம் இது வெளிப்படும். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும்.

டவுனில் கண்ணாடி கொடுக்கும் கடையில் பவர் பார்ப்பதால் இது தெரியவராது. விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேன் தேவைப்படும், மலையகத்தவர்கள் அதற்குப் பெரும்பாலும் கண்டி, பதுளை போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளின் கண் பிரிவுக்குத்தான் போக வேண்டியிருக்கும். வெந்த இடத்தைப் பழையபடி ஆக்க நிச்சயமான மருந்து இல்லை. பார்வை சில வாரங்களில் ஓரளவு திரும்பலாம், தழும்பு நிற்கவும் கூடும். பார்மசியில் சொட்டுமருந்து வாங்கி விடுவதால் பயனில்லை. போகும்போது அந்த லேசரையே பெட்டரி கழற்றி எடுத்துப்போங்கள். என்ன நிறம், எவ்வளவு தூரத்திலிருந்து, எத்தனை செக்கன், நேராகவா கண்ணாடியில் தெறித்தா என்று டொக்டர் கேட்பார்.